கைக்கு ஓர் உறை
தோல் கலவாத வேலைக் கையுறைகளைத் தெரிவுசெய்தல்

மனித உறுப்புகளிலே ஓய்வறியாதது கை. உண்பதும் உழைப்பதும் எழுதுவதும் வணங்குவதும் கையினாலேயே. அக்கையைக் காப்பதற்கு நாம் அணிவது கையுறை. 'உறை' என்னும் தமிழ்ச்சொல், ஒன்றை உள்ளடக்கிக் காக்கும் பொருளைக் குறிக்கும். வாளுக்கு உறை உண்டு. தலையணைக்கு உறை உண்டு. கடிதத்துக்கும் உறை உண்டு. கைக்கு அமைந்த உறை கையுறையாயிற்று. நாம் வாழும் ஜேர்மனி நாட்டவர் இதனை 'ஹான்ட்ஷூ' என்பர். 'கைச் சப்பாத்து' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள்.

இவ்விரு சொற்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. சப்பாத்து வாங்கச் செல்லும்போது நாம் காலை அளக்கின்றோம். அணிந்து நடந்து பார்க்கின்றோம். மழைக்கா, பனிக்கா, விளையாட்டுக்கா என்று எண்ணிப் பார்த்தே வாங்குகின்றோம். கைச் சப்பாத்தை வாங்கும்போது மட்டும் கடை வாசலிலுள்ள கூடையிற் கைக்கு அகப்பட்டதை எடுத்து வருகின்றோம். கையுறையையும் அளந்து, ஆராய்ந்து, வேலைக்கேற்பத் தெரிவுசெய்வது எவ்வாறு என்பதைப் பெற்றோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மலரில் இது ஏன்?

வார இறுதியிலே தமிழ் கற்பிக்கும் நான், வார நாட்களிற் பூங்காப் பராமரிப்பு வேலை செய்பவன். ஊரிலே ஆசிரியனாக இருந்த காலத்தில் என் கையிற் படிந்தது வெண்கட்டித் தூள். இங்கே படிவது மண்ணும் எண்ணெயும். எமது பள்ளிப் பெற்றோருட் பலரின் நிலையும் இதுவே. உணவகச் சமையற்கூடம், துப்புரவு வேலை, களஞ்சியசாலை, கட்டட வேலை, முதியோர் பராமரிப்பு என எத்துறையை எடுத்தாலும் குடும்பத்தைத் தாங்குவது கையுழைப்பே.

புதிய கல்வியாண்டுப் பதிவு நாளொன்றில், விரல்கள் வெடித்துப் பேனாவைப் பிடிக்க இயலாமையாற் படிவத்தைத் தம் பிள்ளையிடம் நீட்டிய தாய் ஒருவரைக் கண்டேன். காரணம் கேட்டபோது, "பாத்திரம் கழுவிற வேலை மாஸ்ரர், பழகிப் போச்சு" என்றார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை என்பது பழமொழி. கண்முன்னே தெரியும் புண்ணைப் பழகிப் போனதென்று விட்டுவிடலாகாது. அது பெரும்பாலும் தவிர்க்கக் கூடியது. உரிய காலத்தில் மருத்துவரிடம் சென்றால் ஆற்றக் கூடியது.

தோலை ஏன் தவிர்க்கின்றோம்?

வேலைக் கையுறை என்றதும் பலருக்கு நினைவில் வருவது மாட்டுத் தோலாலோ ஆட்டுத் தோலாலோ செய்த தடித்த கையுறையே. தமிழில் நம் உடலைப் போர்த்திருப்பதும் தோல். விலங்கிலிருந்து உரித்தெடுத்துப் பதனிடுவதும் தோல். நம் தோலைக் காப்பதற்கு வேறோர் உயிரின் தோல் வேண்டுமா என்று மரக்கறி உணவுக்காரர் வினவுதல் இயல்பே. பூசைக்குப் பூக்கொய்யும் கையிலே தோலுறை அணிய விரும்பாத சைவக் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன.

கொள்கை ஒருபுறமிருக்க, நடைமுறைக் காரணங்கள் மூன்று உள. முதலாவது, தோல் நீரை உறிஞ்சும். நனைந்து காய்ந்தபின் விறைத்துச் சுருங்கும். ஈர மண்ணிலும் மழையிலும் வேலை செய்பவருக்கு இது பெருந்தொல்லை. இரண்டாவது, எண்ணெயும் இரசாயனமும் ஊறிய தோலை நன்கு கழுவித் துப்புரவாக்குதல் கடினம். மூன்றாவது ஒவ்வாமை. உலகிலே பதனிடப்படும் தோலிற் பெரும்பகுதி குரோமியம் என்னும் உலோகத்தின் உப்புகளாற் பதனிடப்படுவது. அதிலே சில வேளைகளில் உருவாகும் ஆறுவலுக் குரோமியம் தோலிற் படை, சொறி, கொப்புளம் என்பவற்றை உண்டாக்க வல்லது. இதனாலேயே, உடலிற் படும் தோற்பொருள்களில் இப்பொருள் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் வரையறுத்துள்ளது. சீமெந்து வேலையால் ஏற்கனவே குரோமிய ஒவ்வாமை பெற்ற ஒருவருக்குத் தோற்கையுறையும் ஒத்துவராமற் போகலாம்.

தோலில்லாத கையுறையை விரும்புவோர் பொதியிலுள்ள சொற்களைப் படித்தறிய வேண்டும். 'லேடர்' என முடியும் சொல் தோலைக் குறிக்கும். 'ரின்ட்ஸ்லேடர்' மாட்டுத் தோல். 'சீகன்லேடர்' வெள்ளாட்டுத் தோல். 'ஷ்வைன்ஸ்லேடர்' பன்றித் தோல். 'ஷ்பால்ட்லேடர்' பிளந்தெடுத்த உட்படைத் தோல். 'குன்ஸ்ட்லேடர்' என்பதோ செயற்கைத் தோல். அது விலங்கினின்று பெறப்பட்டதன்று. முழுவதும் துணிபோலத் தோன்றும் கையுறையிலும் உள்ளங்கைப் பகுதியில் மட்டும் தோல் தைக்கப்பட்டிருப்பதுண்டு. ஆதலால் வெளித்தோற்றத்தை நம்பாது பட்டியலைப் படித்தல் வேண்டும்.

இறப்பர்ப் பாலின் பயணம்

தோலுக்கு மாற்றாக வந்த பொருள்களுள் மூத்தது இறப்பர். இறப்பர் மரத்தின் தாயகம் அமேசன் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து அதன் விதைகளை இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கு முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. பின்னர் மலாயாவிலும் இலங்கையிலும் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. மலாயாத் தோட்டங்களிற் பால் வெட்டிய தொழிலாளருட் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். இன்றும் உலகச் சந்தைக்குக் கையுறை வழங்கும் நாடுகளில் மலேசியா முன்னணியில் நிற்கின்றது. இலங்கையும் கையுறைகளை ஏற்றுமதி செய்கின்றது. ஜேர்மனியக் கடையிலே தொங்கும் இறப்பர்க் கையுறையின் வரலாற்றில் நம்மவரின் வியர்வையும் கலந்திருக்கின்றது.

சத்திரசிகிச்சையில் இறப்பர்க் கையுறை புகுந்த கதையும் அறியத்தக்கது. 1889–90 அளவில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு உதவிய கரோலின் ஹாம்ப்ரன் என்னும் தாதியின் கைகள் கிருமிகொல்லித் திரவத்தாற் புண்ணாகின. அவர் வேலையைக் கைவிடும் நிலை வந்தபோது, அவருக்கென மெல்லிய இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார் அந்நிபுணர். நோயாளிக்கும் அதனால் நன்மையுண்டென்பது பின்னரே தெளிவாகியது. முதலிற் காக்கப்பட்டது வேலை செய்தவரின் கை என்பதை நாம் மறக்கலாகாது.

பொருளும் பூச்சும்

இன்று விற்பனையாகும் தோலில்லாக் கையுறைகளிற் பெரும்பாலானவை இரு படைகள் கொண்டவை. உள்ளே இருப்பது பருத்தி, நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூலாற் பின்னப்பட்ட பின்னல். வெளியே, உள்ளங்கையிலும் விரல்களிலும் இருப்பது பூச்சு. பூச்சின் தன்மையை அறிந்தாற் பாதி வேலை முடிந்தது.

இயற்கை இறப்பராகிய லாற்றெக்ஸ் நன்கு நெகிழும். ஈரத்திலும் பிடி வழுக்காது. ஆயினும் எண்ணெயும் பெற்றோலும் பட்டாற் கெட்டுவிடும். அதிலுள்ள புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை, சில வேளைகளில் மூச்சுத்திணறலையுங்கூட, ஏற்படுத்தும்.

நைத்திரில் என்பது செயற்கை இறப்பர். எண்ணெய், கொழுப்பு என்பவற்றைத் தாங்கும். இயற்கை இறப்பரின் புரதம் இதில் இல்லை. ஆயினும் இறப்பரை இறுகச் செய்யச் சேர்க்கும் விரைவூக்கிகள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அத்தகையோருக்கென விரைவூக்கி சேராத கையுறைகளும் விற்பனைக்கு உண்டு.

பொலியூரித்தேன் பூச்சு மெல்லியது. சிறு ஆணியையும் திருகாணியையும் விரல் நுனியால் உணர்ந்து எடுக்கலாம். உலர்ந்த, நுண்ணிய வேலைக்கு ஏற்றது. நீர் வேலைக்கு அன்று.

பீ.வீ.சீ. நீரையும் பல அமிலங்களையும் தடுக்கும்; விலையும் குறைவு. குளிரில் விறைத்துப்போதல் அதன் குறை.

வெட்டுக் காயத்துக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் நூலே வேறாதல் வேண்டும். 1965இல் ஸ்ரெபனி குவொலெக் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளரின் ஆய்விலிருந்து தோன்றிய கெவ்லார், அரமிட் வகையைச் சேர்ந்த வலிய நார். குண்டு துளைக்காத அங்கிகளில் உள்ள அதே நார், கண்ணாடி, தகடு, கத்தி என்பவற்றோடு வேலை செய்வோரின் கையுறைகளிலும் பின்னப்படுகின்றது. இத்தகைய கையுறை வெட்டைத் தடுக்கும். ஆனால் இழைகளுக்கிடையே நுழையும் ஊசியைத் தடுக்கும் என நம்பலாகாது.

வேலைக்கேற்ற கையுறை

தோட்டம்: ஊரிலே கிளுவங் கதியால் நட்டு வேலி அடைத்தோரும், பனைமட்டையின் கருக்கை வெறுங்கையாற் பிடித்தோரும் நம்மிடையே உள்ளனர். 'அப்போது கையுறையா அணிந்தோம்?' என்று அவர்கள் கேட்பதுண்டு. அணியவில்லை, அதன் தழும்புகளும் அவர்களது கைகளில் இருக்கின்றன.

ஜேர்மனியில் நம்மவர் பலர் சிறுதோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் மிளகாயும் பயிரிடுகின்றனர். 'ஷ்ரேபர் தோட்டம்' என வழங்கும் இவற்றின் தோற்றம் ஒரு பாடசாலையோடு தொடர்புடையது. 1864இல் லைப்சிக் நகரின் பாடசாலை அதிபர் ஹவுஷில்ட் என்பவர் பெற்றோரைக் கொண்டு ஒரு சங்கத்தை நிறுவி, மொரிட்ஸ் ஷ்ரேபர் என்னும் மருத்துவரின் பெயரை அதற்குச் சூட்டினார். அச்சங்கத்தின் விளையாட்டிடத்தின் ஓரத்திலே கெசெல் என்னும் ஆசிரியர் சிறுவருக்கெனப் பாத்திகள் அமைத்தார். சிறுவரின் ஆர்வம் குன்றவே பெற்றோர் அவற்றைப் பொறுப்பேற்றனர். அவையே குடும்பத் தோட்டங்களாயின.

இத்தகைய தோட்டத்திற் களை பிடுங்கவும் நாற்று நடவும் நைத்திரில் பூசிய மெல்லிய பின்னற் கையுறை போதும். அதன் புறங்கைப் பகுதியிற் பூச்சு இல்லாமையாற் காற்று உட்புகும், வியர்வை குறையும். ரோசா, பிளாக்பெரி முதலிய முட்செடிகளைக் கத்தரிக்க, முழங்கை வரை நீண்ட தடித்த செயற்கைத் தோலுறையே தகுந்தது. நம் காஞ்சோன்றியை ஒத்து அரிக்கும் 'பிரென்நெசல்' செடியின் நுண்மயிர்கள் மெல்லிய பின்னலின் இடைவெளியூடாகக் குத்தும். அதற்கும் முழுப் பூச்சு வேண்டும். 'ரீசன் பேரன்கிளவ்' எனப்படும் இராட்சதச் செடியின் சாறு தோலிற் பட்டு வெயிலும் பட்டால் தீப்பட்டதுபோற் கொப்புளிக்கும். அதனைத் துணிக் கையுறையுடன் தொடலாகாது. சாறு ஊடுருவாத நீண்ட கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிதல் வேண்டும். முள்ளினாலும் மண்ணினாலும் ஏர்ப்புவலி நோய் தொற்றக்கூடும். கையுறை அணிவோரும் பத்தாண்டுக்கொரு முறை அதற்குரிய தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளல் வேண்டும்.

இன்னுமொன்று. ஜேர்மனிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை வேலிச் செடிகளை அடியோடு வெட்டுதல் தடைசெய்யப்பட்டுள்ளது; பறவைகள் கூடுகட்டும் காலம் அது. எனவே பெருவெட்டு குளிர்காலத்துக்கே தள்ளப்படுகின்றது. அவ்வேலைக்கு உட்புறம் கம்பளிபோல் மெத்தென்றிருக்கும் செயற்கை இழை கொண்ட குளிர்காலக் கையுறையை வாங்குதல் வேண்டும். விறைத்த விரல் கத்தியின் கூர்மையை உணராது.

சமையற்கூடமும் துப்புரவும்: இங்கே பகை நீரும் சவர்க்காரமுமே. நாள்தோறும் பல மணிநேரம் நனையும் கையின் இயற்கைக் கொழுப்பு கழுவுண்டு போகும். தோல் உலர்ந்து வெடிக்கும். வெடிப்பினூடாக இரசாயனம் உட்புகும். நீண்ட கைகொண்ட நைத்திரில் அல்லது பீ.வீ.சீ. கையுறையை அணிந்து, விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிட்டால் நீர் முழங்கையால் வழிந்து உட்செல்லாது. நெடுநேரம் அணிந்தால் உள்ளே வியர்வை தேங்கும், அதுவும் ஈரமே. ஆகையால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையை அணிந்து, அது நனைந்ததும் மாற்றுதல் வேண்டும். குப்பைப் பைகளை அழுத்திப் பிடித்தலும் உள்ளே கைவிட்டுத் துழாவுதலும் கூடா. ஊசியோ உடைந்த கண்ணாடியோ இருக்கக்கூடும். அங்கே இடுக்கியே துணை.

சூடான தட்டைப் பிடிப்போர்க்குத் தடித்த பருத்தி, அரமிட், சிலிக்கோன் என்பவற்றாலான உறைகள் உண்டு. ஈரத்துணியாற் சூட்டைப் பிடித்தல் ஆபத்து. நீர் வெப்பத்தை விரைந்து கடத்தும். ஆவியாகியும் கையைச் சுடும்.

சீமெந்து: நீர் சேர்ந்த சீமெந்து கடுமையான காரத்தன்மை உடையது. அதன் பீ.எச். அளவு 12க்கும் மேற்பட்டது. முதலில் எரிவு தெரியாது. மாலையிற் பார்த்தால் தோல் வெந்திருக்கும். துணிக் கையுறையும் தோற்கையுறையும் அந்நீரை உறிஞ்சிக் கையோடு அணைத்து வைத்திருப்பதால் இங்கே அவை காவலாகா. நைத்திரிலில் முழுவதும் தோய்த்தெடுத்த பருத்திக் கையுறையே ஏற்றது.

உருக்கு ஒட்டுதல்: பொறி பறக்கும் இவ்வேலையில் நைலோனும் பூச்சும் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். இத்துறையில் இன்றும் பெரிதும் வழங்குவது தோலே. தோலைத் தவிர்க்க விரும்புவோர் ஒட்டுவேலைக்கெனச் சோதிக்கப்பட்ட அரமிட் கையுறையைத் தேடிப் பெற வேண்டுமேயன்றி வேறெதனையும் அணியலாகாது.

எழுத்தும் எண்ணும்

மாணவச் செல்வங்களே! இப்பகுதி சிறப்பாக உங்களுக்குரியது. கையுறையின் புறத்தே சிறு கேடயப் படமும் அதன்கீழ் எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். அவை அலங்காரத்துக்கல்ல.

'சீ.ஈ.' என்னும் ஈரெழுத்து, ஐரோப்பியச் சட்டம் கோரும் அடிப்படைப் பாதுகாப்புக்கு அப்பொருள் அமைந்துள்ளதென்று உற்பத்தியாளர் தரும் உறுதிமொழி. 2018 ஏப்பிரல் 21 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதி, காப்புப் பொருள்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கின்றது. முதலாம் வகுப்பு, எளிய தோட்ட வேலை போன்ற சிற்றாபத்துக்கு. உற்பத்தியாளர் தாமே சான்று கூறலாம். இரண்டாம் வகுப்பு வெளியார் ஒருவராற் சோதிக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பு, உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு தரும் இரசாயனம் முதலியவற்றுக்கு, அதிலே 'சீ.ஈ.'க்குப் பின் நான்கு இலக்க எண் ஒன்றிருக்கும்.

சுத்தியல் வரைந்த கேடயத்தின்கீழ் 'ஈ.என். 388' எனக் காணின், அது பொறிமுறை ஆபத்துக்குரியது. கீழே உள்ள நான்கு எண்கள் முறையே உராய்வு, வெட்டு, கிழிவு, குத்து என்பவற்றைத் தாங்கும் ஆற்றலைக் குறிக்கும். வெட்டுக்கு உயர்ந்த எண் 5, ஏனையவற்றுக்கு 4. அவற்றைத் தொடர்ந்து வரும் 'ஏ' முதல் 'எஃப்' வரையான எழுத்து, மற்றொரு முறையால் அளந்த வெட்டுத் தாங்கும் ஆற்றல், 'எஃப்' உயர்ந்தது. 'எக்ஸ்' என்றிருந்தால் அச்சோதனை நடத்தப்படவில்லை என்பது பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு: '4131ஏ' என்றிருக்கும் கையுறை உராய்வை மிக நன்றாகத் தாங்கும், கிழிவையும் ஓரளவு தாங்கும், வெட்டுக்கும் குத்துக்கும் அது வலுவற்றது. பெட்டி தூக்குவோருக்கு அது நன்று. கண்ணாடி தூக்குவோருக்கு அன்று. குத்து எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. அச்சோதனையிற் பயன்படுவது தடித்த எஃகு முனை, ஊசியன்று. எனவே அவ்வெண் உயர்வாயிருப்பினும் ரோசா முள்ளும் மருந்தூசியும் உட்புகலாம்.

குடுவை வரைந்த கேடயம் இரசாயனத்துக்கு, பனித்துகள் குளிருக்கு, தீச்சுவாலை வெப்பத்துக்கு. குடுவைக் கேடயத்தோடு 'ஏ வகை' என்றிருந்தால், சோதனைப் பட்டியலிலுள்ள இரசாயனங்களுள் ஆறினையேனும் ஒவ்வொன்றும் 30 நிமிடம் ஊடுருவாமல் தடுத்தது என்று பொருள். 'பி வகை' எனின் மூன்றினை. 'சி வகை' எனின் ஒன்றினை 10 நிமிடம். இரசாயனத்தின் முன் எந்தக் கையுறைக்கும் நேர எல்லை உண்டென்பது இதனால் விளங்கும்.

அளவு

பெருவிரலை நீக்கி, விரல்மூட்டுகளை அணைத்து உள்ளங்கையைச் சுற்றி அளவுநாடாவால் அளவுங்கள். வரும் அளவை அங்குலத்தில் எழுதினால் அதுவே கையுறையின் எண். 178 மில்லிமீற்றர் எனின் 7. 203 எனின் 8. 229 எனின் 9. தளர்ந்த கையுறை கிளையிலும் பொறியிலும் சிக்கும். இறுகிய கையுறை குருதியோட்டத்தைத் தடுத்துக் கையைக் களைக்கச் செய்யும். தந்தைக்கு வாங்கிய கையுறையைத் தாயும் அணிவது சிக்கனமன்று. சிறுவர்க்கெனச் சிறிய அளவுகள் தனியே உண்டு.

கழற்ற வேண்டிய இடம்

கையுறையே ஆபத்தாகும் இடமும் ஒன்றுண்டு. நிலையாகப் பொருத்திய துளைபொறி, வட்டவாள், கடைசற் பொறி முதலிய சுழலும் பொறிகளின் அருகே சாதாரண வேலைக் கையுறை அணியலாகாது. நூலின் ஓர் இழை சிக்கினாலும் பொறி கையுறையையும் கையையும் கணப்பொழுதில் உள்ளிழுத்துவிடும். மின்சாரத்தையும் சாதாரணக் கையுறை தடுக்காது. எப்போது அணிவது என்பதைப் போலவே எப்போது கழற்றுவது என்பதும் அறிவு.

பேணும் முறை

கையைக் கழுவி நன்கு உலர்த்திய பின்னரே கையுறையை அணிதல் வேண்டும். இரசாயனம் பட்ட கையுறையைக் கழற்றும்போது புறப்பகுதி வெறுங்கையிற் படாதவாறு உட்புறம் வெளியே வரும்படி உருவி எடுக்க வேண்டும். பின்னற் கையுறைகள் பலவற்றைத் துவைக்கலாம். துவைக்கும் முறை பொதியிற் குறிக்கப்பட்டிருக்கும். இறப்பர் வகைகளை வெயிலிலோ வெப்பமூட்டியின் மீதோ காயவிடலாகாது. நிழலிலே தொங்கவிட வேண்டும். துளையுற்ற நீர்காப்புக் கையுறை, கையுறை இல்லாமையினும் தீது. உட்புகுந்த திரவத்தை அது கையோடு பூட்டி வைக்கும். செயற்கைப் பூச்சுகள் எளிதில் மக்குவதில்லை என்பதால் வேண்டுமளவே வாங்கி, நெடுநாள் பேணுவதும் நம் கடன்.

உரிமையும் உண்டு

பெற்றோர் சிலர் வேலைத்தளத்துக்கான கையுறையைத் தம் பணத்தில் வாங்குகின்றனர். 1996ஆம் ஆண்டின் ஜேர்மனியத் தொழிற்பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு நடவடிக்கைகளின் செலவைத் தொழிலாளர் மீது சுமத்தலாகாதென விதிக்கின்றது. வேலையின் ஆபத்து கையுறையைக் கோருமாயின் அதனை வழங்குவது வேலைகொள்வோரின் கடமை. அதே ஆண்டின் மற்றொரு விதி, வழங்கும் காப்புப் பொருள் அணிபவரின் உடலளவுக்குப் பொருந்த வேண்டும் என்கின்றது. 'எட்டாம் எண் தாருங்கள்' என்று கேட்பது குறைகூறலன்று, உரிமை. தோல் ஒத்துவராதோர் அதனைச் சொல்லி, அதே காப்புத் தரும் மாற்றுக் கையுறையைக் கேட்கலாம்.

கையிலே தீராத வெடிப்போ சொறியோ தோன்றினால், தோல் மருத்துவரிடம் சென்று இன்ன வேலை செய்கிறேன் என்பதைத் தவறாது கூறுங்கள். வேலையினால் வந்ததென்று மருத்துவர் ஐயுற்றால், உங்கள் இசைவுடன் சட்டமுறை விபத்துக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பலாம். நோய் முற்றாமல் தடுக்கும் சிகிச்சையை அந்நிறுவனம் பொறுப்பேற்க இடமுண்டு. முன்னர், அத்தகைய தோல் நோய் தொழில்நோயாக ஏற்கப்படுவதற்கு அவ்வேலையையே கைவிட வேண்டியிருந்தது. 2021 சனவரி 1 முதல் அந்நிபந்தனை நீக்கப்பட்டுள்ளது. வேலை போய்விடும் என்று அஞ்சி நோயை மறைத்த காலம் மாற வேண்டும்.

நிறைவாக

விலை உயர்ந்ததே நல்ல கையுறை என்பதுமில்லை. தோலாற் செய்ததே வலியது என்பதுமில்லை. நீருக்கு ஒன்று, முள்ளுக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. வேலையின் ஆபத்து எதுவோ அதற்கு ஈடு கொடுப்பதே அவ்வேலைக்கு நல்ல கையுறை. அதனை அறிவதற்குக் கையுறையில் எழுதியிருப்பதைப் படித்தல் வேண்டும்.

இந்நாட்டு மொழியிலே பிறந்து வளர்ந்த மாணவச் செல்வங்களுக்கு அப்படிப்பு எளிது. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு அரிது. ஆகவே இவ்விழா முடிந்து வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி தருகின்றேன். உங்கள் தந்தையாரும் தாயாரும் வேலைக்கு எடுத்துச் செல்லும் கையுறையை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள படத்தையும் எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் செய்யும் வேலை என்னவென்று கேட்டு அதனருகே எழுதுங்கள். இரண்டும் பொருந்துகின்றனவா என்பதைத் தமிழிலே அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பொருந்தாவிடின் அடுத்த கிழமையே மாற்றும்படி வேண்டுங்கள். அடுத்த ஆண்டுப் பதிவுப் படிவத்தில் எல்லாப் பெற்றோரும் நோவின்றித் தம் கையால் ஒப்பமிடுவதைக் காண்பதே எனது அவா.